நாச்சிப் பள்ளத்துத் தண்ணீர்

முழங்கால் அளவு தண்ணீரில் அசையாமல் நிற்கிறேன். என் கால் கிளப்பிய கலங்கல் கீழே போய்ச் சேரட்டும். மாடு கலக்கியது கணக்கில் வரும், நான் கலக்கியது வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள், மேல்புறம் பார்த்து நில், தண்ணீர் உன்னைத் தொடுவதற்கு முன்னால் பாட்டிலைத் தொட வேண்டும். வருஷத்தில் பத்து மாதம் இந்த நாச்சிப் பள்ளம் என்கிற ஓடை வெறும் மணல். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தால் தண்ணீர் வரும், தை பிறப்பதற்குள் போய்விடும். அந்த இரண்டு மாதத் தண்ணீருக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத்தான் எங்கள் லேப் என்னை அனுப்புகிறது. மேலே இந்த ஊர்ப் பண்ணையக்காரர் மேக்காட்டாரின் மேய்ச்சல் காட்டுக்கு முன்னால் ஓர் இடம், அதைத் தாண்டிக் கீழே ஓர் இடம், இரண்டிலும் பிடித்துப் பார்த்தால் நடுவில் என்ன சேர்ந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்தும்விட்டது. போன மழையிலேயே தெரிந்துவிட்டது. மேலே இருப்பதைவிடக் கீழே சாணிக் கிருமி பல மடங்கு. காங்கேயம் மாடுகள், கொம்பு வீசி அழகாக நிற்பவை, தண்ணீரைக் கண்டால் உள்ளே இறங்கி நின்றுகொண்டுதான் குடிக்கும், நின்ற இடத்திலேயே எல்லாம் கழியும். மாட்டின் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. கலங்கல் போய்விட்டது. பாட்டிலின் மூடியைத் திறக்கிறேன், கழுத்தில் விரல் படாமல். கிருத்திகை என்று ஏன் சொன்னேன்?

கிருத்திகை என்று சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், பல் வலி, தொண்டைக் கட்டு, இப்போதுதான் குடித்தேன் என்று. காலையில் ஜீப்பை விட்டு இறங்கி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாராயி ஊற்றுக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேக்காட்டார் மாடுகளை மேய்ப்பவள் அவள்தான். என் வயதோ ஒன்றிரண்டு கூடவோ இருக்கும். பள்ளத்தின் ஓரத்து மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள், அதில் தண்ணீர் ஊறி நிற்கும், கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு போவார்கள். ஊருக்கு வெளியே மாராயியின் ஆட்கள் குடியிருக்கும் வளவில் எல்லா வீடுகளுக்கும் மழைக்காலத்தில் இதுதான் குடிதண்ணீர். குழாயில் வருவது உப்பு. "வேர்த்துக் கொட்டுதுங்களே மேடம், தண்ணி குடிக்கறீங்களாங்?" என்று சொம்பை நீட்டினாள். சொம்பு நன்றாகத் தேய்த்த சொம்பு. தண்ணீர் அப்படித் தெளிந்திருந்தது, சொம்பின் அடியில் இருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது. தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும், மணல் மண்ணைத்தான் வடிக்கும், குழி பள்ளத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்தால் கிருமியை வடிக்காது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது என் வேலையும்கூட. நான் சொன்னது, "இன்னிக்குக் கிருத்திகை விரதமுங்க, பச்சைத் தண்ணி பல்லுல படாது." மாராயி நீட்டிய சொம்பை இழுத்துக்கொள்ளவில்லை. "கிருத்திகை வெள்ளிக்கிழமையே போயிருச்சுங்களே" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு சொம்பைத் தூக்கி அந்தத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ அளவெடுக்கிறவளைப் போல.

பாட்டிலை மூடி ஐஸில் வைத்தாயிற்று. இனி மேல் இடம். கரையேறிக் கிளுவை வேலியை ஒட்டி நடக்கிறேன், கொழுக்கட்டைப் புல் காலை உரசுகிறது, செருப்புக்குள் மணல். டைபாய்டு வந்தவள் நான். காலேஜ் விடுதியில் இருக்கும்போது வந்தது, முடி கொட்டிக் கொட்டித் தலையணை கறுத்துக் கிடந்தது, அம்மா ஒரு மாதம் கஞ்சியை வடித்து வடித்து ஊற்றினாள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் என் பாட்டில் என்னோடு வரும். நாத்தனார் வீட்டில்கூட நான் தண்ணீர் குடிப்பதில்லை. ஆக இது பயம்தான், கிருமிப் பயம், நியாயமான பயம். இப்படி நினைத்தவுடன் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் நாத்தனார் வீட்டில் நான் பொய் சொல்வதில்லை. "நமக்கு வெளித் தண்ணி ஒத்துக்காதுங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள். இங்கே ஏன் வரவில்லை அந்த வார்த்தை? போன முறை வந்தபோது மாராயி கேட்டாள், "மேடம் எந்தப் பக்கமுங்க?" சென்னிமலைப் பக்கம் என்றேன். "யாரு வூட்டுப் புள்ளைங்க?" அந்தக் கேள்வி எதற்கு என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஊரும் வீடும் சொன்னால் போதும், மீதியை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். சொன்னேன். அதுவரை மேடமாக இருந்தவள் நான், அடுத்த வாக்கியத்தில் அம்முணி ஆனேன், பண்ணையக்காரர் வீட்டுப் பெண்களை அவர்கள் கூப்பிடுவது அப்படித்தான். இன்று காலையில் மறுபடி மேடம். யோசித்துத்தான் மாற்றியிருப்பாளோ, மேடத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அம்முணிக்குக் கொடுக்க முடியாது என்று? அப்படியென்றால் சொம்பை நீட்டுவதற்கு முன்னால் அவளும் ஒரு கணம் பயந்திருக்கிறாள். நான் பயந்தது கிருமிக்கு. அவள் பயந்தது எனக்கு.

எங்கள் வீட்டு மாட்டுக் கட்டுத்தரையில் வேலைக்கு வந்தவர்களுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். ஆறு ஏழு வயது இருக்கும். அவர்கள் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயருகில் வைத்துக்கொள்வார்கள், நான் சொம்பை உயரத் தூக்கிச் சாய்ப்பேன், தண்ணீர் வெயிலில் வளைந்து விழும். அந்த வளைவு எனக்குப் பிடிக்கும். எவ்வளவு உயரத்திலிருந்து சிந்தாமல் ஊற்ற முடியும் என்று பார்ப்பேன். அவ்வளவுதான் ஞாபகம். அவர்கள் முகம் ஒன்றும் ஞாபகம் இல்லை, குனிந்திருந்ததால் பிடரிதான் தெரியும். நாங்களும் சொம்பில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான் குடிப்போம், யார் வீட்டிலும், எந்தப் பாத்திரத்திலும். அது சுத்தம் என்று அம்மா சொல்வாள். சுத்தம் என்ற சொல்லை நான் சம்பளத்துக்குப் பயன்படுத்துகிறேன், அம்மா சும்மா பயன்படுத்தினாள். இரண்டு பயத்தையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து மேலே இது, கீழே இது என்று சீட்டு ஒட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். மேல் இடம் வந்துவிட்டது. இங்கே மாடு வருவதில்லை, பாறைச் சரிவு. தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இறங்கி, மேல்புறம் பார்த்து நின்று, கலங்கல் போகக் காத்திருந்து, மூடியைத் திறந்து, பிடித்து, மூடி. மீட்டரைத் தொங்கவிட்டு எண் நிற்கும் வரை பார்க்கிறேன். எண்கள் நல்ல எண்கள். வேலை முடிந்தது. ஐஸ் உருகுவதற்குள் சாம்பிள் லேபுக்குப் போய்விட வேண்டும். இந்த வழியாகவே மேலேறி ரோட்டைப் பிடித்து டிரைவர் சிவராசுவுக்குப் போன் பண்ணினால் ஜீப்பை இங்கேயே கொண்டுவந்துவிடுவான். ஊற்றுக்குழிப் பக்கம் போகவே வேண்டியதில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டுப் பைக்குள் போடுகிறேன். நல்ல மனசால் இல்லை. பாதத்தில் முள் குத்துவதைப் போல ஓர் உறுத்தல், எடுத்தால்தான் நடக்க முடியும், அதுதான்.

மாராயி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாடுகள் வெள்வேல மரத்தடியில் படுத்து அசைபோட்டன. பெட்டியைக் கீழே வைத்தேன். அக்கா என்று கூப்பிட நினைத்தேன். ஆபீசில் பெருக்குகிறவரிலிருந்து கேன்டீன்காரம்மா வரை எல்லோரும் எனக்கு அக்கா, இங்கே அது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சொன்னேன். "காலையில பொய் சொல்லிட்டேனுங்க. கிருத்திகையெல்லாம் இல்லை. இந்தத் தண்ணி நல்லா இல்ல. மாட்டுச் சாணி, மூத்திரம் எல்லாம் பள்ளத்துல கலந்து இந்தக் குழிக்குள்ளயும் வருது. எனக்கு ஒருக்கா டைபாய்டு வந்து படுத்துட்டேன். அதனாலதான் குடிக்கல." மாராயி கொட்டாங்குச்சியை மணலில் கவிழ்த்து வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள், இதுவரை பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது மட்டுந்தானுங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "காச்சுன தண்ணின்னா கிருமி செத்துருமுங்களா?" "செத்துரும்." "அப்ப வாங்க. வூடு இங்கதான், இக்கட்டால. பால் இல்லீங்க, வரக்காப்பி வெச்சுத் தாரேன்." சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள், நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு துல்லியமாகச் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடக்கிறேன். கொதித்த தண்ணீரில் டைபாய்டு இல்லை. என் நியாயமான பயத்தை எடுத்துக் கரையில் வைத்துவிட்டாள், இனி மிச்சம் எது இருக்கிறதோ அதோடு நான் நடக்க வேண்டும். ஐஸ் உருகும் என்று சொல்லலாம். டிரைவர் காத்திருக்கிறார் என்று சொல்லலாம். இரண்டும் நிஜம், அதனால்தான் சொல்லக் கூசுகிறது. வளவு பத்துப் பதினைந்து வீடு, ஓடும் தகரமும் கலந்தது, வாசலில் எல்லாம் சாணி தெளித்துச் சுத்தமாக இருந்தது. திரும்பவும் அந்தச் சொல். ஜீப் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றது, சிவராசு கதவைத் திறந்து போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். குனிந்து உள்ளே போனேன். ஒற்றை அறை. மூலையில் பாயில் ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது இருக்கும், உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து. மாராயியின் சின்ன மகள், பேர் தாரணி. "மழை பிடிச்சதுல இருந்து வயித்தால போகுதுங்க. ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாங்க. நிக்கும், ரெண்டு நாள்ல மறுக்காப் போகும்." அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள். நான் குழந்தையைப் பார்த்தேன். அறிக்கையில் நான் போடும் எண்ணுக்கு முகம் இருக்கும் என்று தெரியாமல் இல்லை, முகத்துக்கு இப்படி வெடித்த உதடு இருக்கும் என்று நினைத்ததில்லை. நின்று, போய், நின்று, போய். மாத்திரை நிறுத்துகிறது, குடம் திரும்பத் தொடங்கி வைக்கிறது. குழந்தை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, தண்ணி" என்றது. மாராயி எட்டி, இப்போதுதான் இறக்கி வைத்த குடத்தில் டம்ளரை முக்கினாள்.

"குடுக்காதீங்க அக்கா." நான்தான் சொன்னேன், கத்தியே இருப்பேன் போல, குழந்தை மிரண்டது. மாராயியின் கை நடுவில் நின்றது. "அப்ப எதைக் குடுக்கறதுங்க?" "காச்சி ஆத்துன தண்ணி குடுங்க. துளி உப்பு, கொஞ்சம் சக்கரை போட்டு." "காச்சுன தண்ணியில தாகம் அடங்குமுங்களா? இது பொறந்ததுல இருந்து இந்தத் தண்ணிதான் குடிக்குது. மூத்தவளும் இதுதான் குடிச்சா. மாடு இன்னிக்கா பள்ளத்துல எறங்குது?" நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இருக்கிறது, முன்னே மாடு குறைவு, இந்த வருஷம் மழையும் விட்டு விட்டுப் பெய்து தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்குகிறது, எல்லாம் சொல்லலாம். அவள் காது கொடுக்க மாட்டாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. தண்ணீர் குடிக்காதவள் தண்ணீரைப் பற்றிச் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வெட்கமில்லாமல், ஆசைதீர. காப்பித் தூள், கருப்பட்டி. துணி வைத்து வடிகட்டினாள். வாசம் அறையை நிறைத்தது. சில்வர் டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். "மொதல்ல நீங்க குடிங்க. அப்பறம் சொல்லுங்க" என்றாள்.

எடுத்தேன். டம்ளர் விளிம்பு சுட்டது. குழந்தை பார்க்கிறது, அம்மாவைப் போலவே நேராகப் பார்க்கிறது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும், அந்த இடத்தில் என் தலைக்குள் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கை தானாக உயர்ந்தது. முகம் தானாக அண்ணாந்தது. டம்ளர் என் உதட்டுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது, கொதிக்கிற காப்பியோடு. என் கை. பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிற கை. மேலே கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை வழியாக வெயில் தெரிந்தது. "சூடா இருக்குதுங்க" என்றாள் மாராயி. "வாய் வெச்சே குடிங்க." அதே குரல்தான், கிருத்திகை வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று சொன்ன குரல். கையை இறக்கினேன். விளிம்பில் உதட்டை வைத்தேன். நாக்கு பொத்துப்போனது. இனிப்பு, கசப்பு, கொஞ்சம் அடுப்புப் புகை. பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. ஒரு காப்பி. கடைசி வரை குடித்தேன், அடியில் தங்கிய மண்டியையும் சேர்த்து. மாராயி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்க. அந்தத் தண்ணியில என்னதான் இருக்குது?"

சொன்னேன். எண் எதுவும் சொல்லவில்லை. மாடு நிற்கிற இடம், தண்ணீர் தேங்குகிற இடம், குழி இருக்கிற இடம், குழந்தையின் வயிறு. அவள் நடுவில் இரண்டு முறை கேள்வி கேட்டாள், இரண்டும் நல்ல கேள்விகள். பிறகு எழுந்து, தரையில் இருந்த டம்ளர் தண்ணீரை வாசலில் வீசினாள், குடத்திலிருந்து ஒரு பாத்திரம் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். குழந்தை அழத் தொடங்கியது, தாகம். "பொறு சாமி, ஆறட்டும்." எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள், "காச்சறேனுங்க. வளவுல எல்லாருத்துகிட்டயும் சொல்றேன். வெறகு கெடைக்கறப்ப காச்சுவாங்க. ஆனா மாடு அவுங்க மாடுங்க. தண்ணிதான் எங்க தண்ணி. மாட்டைப் பள்ளத்துல விடாதேன்னு நாஞ் சொல்ல முடியுமுங்களா? மேல தொட்டி கட்டிக் குடுத்தா அங்கயே தண்ணி காட்டிருவேன்." பாத்திரத்தை மூடிவிட்டு, "நீங்க சொன்னா மேக்காட்டாரு கேப்பாரு. உங்க சனந்தானுங்களே" என்றாள். குத்தலா, யோசனையா என்று அவள் முதுகிலிருந்து தெரியவில்லை.

ஜீப்பில் ஏறும்போது சிவராசு, "அங்க உள்ளயா மேடம் இருந்தீங்க?" என்றான். காப்பி குடித்தேன் என்றேன். அவன் கண்ணாடியைச் சரிசெய்தான். மேக்காட்டார் வீட்டுக்குப் போகச் சொன்னேன். "லேபுக்கு நேரமாயிருமுங்க." "வழியிலதான, போங்க." பொத்த நாக்கைப் பல்லில் உரசிக்கொண்டே வாக்கியங்களை அடுக்கினேன். மேக்காட்டார் என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஒரு வழியில் சித்தப்பா முறை. அதை முதலில் சொல்ல வேண்டும், பிறகு ஊர் நலம், பிறகு மாட்டுக்கே இந்தத் தண்ணீர் நல்லதில்லை, மடி நோய் வரும், அப்புறம்தான் தொட்டி. வளவுக்குப் போனதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த இடத்திலேயே அவர் காது அடைத்துவிடும், மாராயிக்கும் வேலை போகலாம், எனக்கென்ன, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இது தெளிவாக இருந்தது. நாய் குரைத்தது. அவரே வெளியே வந்தார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முறையைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம குமாரசாமி சம்சாரமா? வா கண்ணு வா, வெயில்ல வந்திருக்கற. உள்ள வந்து உக்காரு. ஏ புள்ள, காப்பி கொண்டா!" எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தலையை ஆட்டி உள்ளே போனால் போதும்.

"இப்பத்தான் மாமா குடிச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொத்த நாக்கு. "கீழ, மாராயி வூட்டுல."

அவர் முகம் மாறவில்லை. மலர்ந்தது அப்படியே நின்றது, அவ்வளவுதான். உள்ளே டம்ளர் சத்தம் நின்றது. துண்டை எடுத்து ஒருமுறை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. "அங்க உனக்கு என்ன சோலி?" என்றார். பயமாக இருக்கிறது, எனக்காக என்பதைவிட அவளுக்காக. ஆனால் கேட்டுவிட்டார்.

"அவ கொழந்தைக்கு ஒடம்புக்கு முடியலைங்க மாமா. தண்ணியால. வாங்க, பள்ளத்துக்கு வந்து பாருங்க, காட்டறேன்."

அவர் வாசலைத் தாண்டிக் கீழே பார்த்தார். மாடுகள் எழுந்து மறுபடி தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.